கார்த்தஹேனா பார்த்தால் போதாதா? (கொலம்பியாவின் கரீபியன் கரை)

வழிப்போக்கன் · ஜூன் 4, காலை 9.12

2027 பிப்ரவரியில் கொலம்பியா. கரீபியன் பக்கத்துக்கு ஆறு நாள்தான் ஒதுக்க முடியும். கார்த்தஹேனா மதில், கோட்டை, ஒரு தீவு. இதோடு முடித்துக்கொண்டால் என்ன? மற்றதெல்லாம் அதே காலத்து ஸ்பானிய ஊர்கள்தானே, அளவில் சின்னது, அவ்வளவுதான். இன்னொன்று: படங்களில் அங்கே கடல் கலங்கலாகத் தெரிகிறது. கரீபியன் என்றால் நீலமாக இருக்க வேண்டாமா?

ஆத்துமேடு · ஜூன் 4, இரவு 8.40

உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தக் கலங்கல் மக்தலேனா ஆற்றின் வண்டல். ஆறு ஏறத்தாழ 1,500 கி.மீ. ஓடி வருகிறது. அதன் முகத்துவாரம் கார்த்தஹேனாவில் இல்லை, பர்ராங்கியாவில். ஆனால் 1650இல் ஸ்பானியர், இப்போது கலமார் என்ற ஆற்றங்கரை ஊர் இருக்கும் பக்கத்திலிருந்து கார்த்தஹேனா விரிகுடா வரை கால்வாய் வெட்டினார்கள். கனால் தெல் தீகே என்று பெயர், நீளம் 115 கி.மீ. கப்பலில் வந்த சரக்கு படகேறி உள்நாட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக வெட்டியது. 20ஆம் நூற்றாண்டில் வளைவுகளை நேராக்கி அகலப்படுத்தியபின் சரக்கோடு சேறும் வேகமாக வந்து சேர்ந்தது. ரொசாரியோ தீவுகளின் பவளப்பாறைகள் அதில்தான் அடிவாங்கின.

கடற்கரை என்று பெயர்தான், அந்த ஊர்களைப் பெற்றது ஆறு. கார்த்தஹேனா கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் காவல்காரன் மாதிரி, மதில் கட்டிக்கொண்டு. மொம்போஸ், கலமார், எல் பாங்கோ, பர்ராங்கியா எல்லாம் ஆற்றைப் பார்த்தவை. நகல் என்று சொல்ல முடியாது.

நீலம்தான் வேண்டுமென்றால் பாரூ பக்கம் பிளாயா பிளாங்கா அல்லது ரொசாரியோ தீவுகள். காலையில் முதல் படகு பிடியுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று பலமாக அடிக்கும், பிற்பகலில் திரும்பும் விசைப்படகு அலையில் குதித்துக் குதித்து வரும். முதுகுவலி உள்ளவர்கள் முன்பகுதியில் உட்காராதீர்கள், பின்னால் இயந்திரத்துக்கு அருகில் குலுக்கல் குறைவு.

ஆத்துமேடு · ஜூன் 4, இரவு 9.05

சேர்க்க மறந்தது. கார்த்தஹேனாவிலிருந்து பர்ராங்கியா சுமார் 120 கி.மீ., பேருந்தில் இரண்டு இரண்டரை மணி. வழியில் லுருவாகோவில் இறங்கி முட்டை அரேபா சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எண்ணெய்ச்சட்டி · ஜூன் 5, காலை 6.30

இறங்க முடியாதுங்க. அங்க ரெண்டு ரோடு இருக்கு. கடலோர ரோட்டுல போற பேருந்து லுருவாகோவைத் தொடவே தொடாது. லுருவாகோ பழைய கோர்தியாலிதாத் ரோட்டுல இருக்கு. ஏறுறதுக்கு முன்னாடியே "கோர்தியாலிதாத் வழியா?"ன்னு கேட்டுட்டு ஏறணும். கேக்காம ஏறினா நேரா பர்ராங்கியா, வயிறு காலி.

ஆத்துமேடு · ஜூன் 5, காலை 7.15

சரிதான், தப்பு என்னுடையது. கடலோரச் சாலை வந்தபின் பழைய சாலையில் போக்குவரத்து மெலிந்துவிட்டது.

வழிப்போக்கன் · ஜூன் 5, மாலை 5.50

முட்டை அரேபா என்றால் என்ன? வீட்டில் செய்ய முடியுமா?

எண்ணெய்ச்சட்டி · ஜூன் 6, காலை 6.10

பூரிக்குள்ள முட்டையை ஊத்தி மறுபடி பொரிச்சா அதுதான். மாவு மட்டும் மக்காச்சோளம்.

மாவுலதான் எல்லாரும் மாட்டிக்குறாங்க. வேண்டியது மசாரேபா, அதாவது வேகவெச்சு அரைச்சுக் காயவெச்ச மஞ்சள் சோளமாவு. நம்ம கடையில "கார்ன்ஃப்ளார்"னு விக்கிற வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச், அது சூப்புக்கு. ரொட்டி சுடுற மக்காச்சோள மாவும் சரிவராது, அது பச்சை மாவு. எவ்வளவு வெந்நீர் விட்டாலும் தட்டும்போது ஓரம் வெடிக்கும், வெடிச்ச இடத்துல ஆவி போயிடும், உப்பாது.

மசாரேபா கிடைச்சா: 2 கப் மாவு, 2¼ கப் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை (நிறத்துக்கு). பிசைஞ்சு 10 நிமிஷம் மூடி வைங்க. உருண்டை ஒண்ணு 80 கிராம். ரெண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவுல வெச்சு, தட்டு வெச்சு அமுக்கி, அரை அங்குல கனத்துக்கு வட்டம் போடுங்க. எண்ணெய் 180 டிகிரி, ஆழம் நாலு விரல். போட்டதும் கரண்டியால மேல எண்ணெயைத் தூவிக்கிட்டே இருக்கணும், பூரிக்கு செய்யுற மாதிரியேதான். ஒரு பக்கம் மேல் தோல் மட்டும் பிரிஞ்சு உப்பும். பொன்னிறம் ஆகுறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு, உப்பின தோலோட ஓரத்துல 3 செ.மீ. கீறல். முட்டையை நேரா உடைச்சு ஊத்தாதீங்க, சின்னக் கிண்ணத்துல உடைச்சு ஒரு சிட்டிகை உப்பு போட்டு, கீறலுக்குள்ள சாய்ச்சு விடுங்க. சின்ன முட்டையா எடுங்க. வாயை ஒட்டுறதுக்கு பிசைஞ்சு வெச்ச மாவுல ஒரு சிட்டிகை. மறுபடி எண்ணெய், ரெண்டரை மூணு நிமிஷம்.

எண்ணெய் நுரைச்சுக்கிட்டே இருந்தா முட்டை ஒழுகுது, அடியில ஓட்டைன்னு அர்த்தம். பட்டுன்னு வெடிச்சா முட்டை பெருசு இல்ல வாய் சரியா ஒட்டலை. முகத்தைப் பக்கத்துல கொண்டு போகாதீங்க.

எண்ணெய்ச்சட்டி · ஜூன் 6, பகல் 1.20

திருத்தம். அரை அங்குலம்னு எழுதிட்டேன், அது தடிமன். 8 மில்லிமீட்டர், வட்டம் 10-11 செ.மீ. அரை அங்குலத்துல போட்டா வடை மாதிரி கிடக்கும்.

எண்ணெய்ச்சட்டி · ஜூன் 6, இரவு 9.30

மசாரேபா கிடைக்காதவங்களுக்கு: தோல் நீக்கின காய்ஞ்ச மஞ்சள் சோளம் அரை கிலோ, ராத்திரி ஊறவெச்சு, நகம் பதியுற வரைக்கும் வேகவைங்க, நடு கொஞ்சம் கெட்டியா இருக்கணும். வடிச்சு நல்லா ஆறவிட்டு, தண்ணி விடாம அரைக்கணும். அவங்க கறி அரைக்கிற கை மெஷின்ல ரெண்டு தடவை விடுவாங்க. நம்ம கிரைண்டர் தண்ணி கேக்கும், தண்ணி விட்டா மாவு கூழாயிடும். மிக்ஸியில கைப்பிடி கைப்பிடியா, நிறுத்தி நிறுத்தி அடிங்க. சுவை மசாரேபாவைவிட நூறு மடங்கு.

மூணுகட்டை · ஜூன் 8, இரவு 11.02

சமையல் இழையாகிவிட்டது. வழிப்போக்கரே, 2027 பிப்ரவரி என்றீர்கள், தேதி என்ன? சாம்பல் புதன் பிப்ரவரி 10. பர்ராங்கியா கார்னிவல் அதற்கு முந்தைய நான்கு நாள், 6 சனி முதல் 9 செவ்வாய் வரை. யுனெஸ்கோ 2003இல் அறிவித்து 2008இல் பட்டியலில் சேர்த்த விழா. அதை 120 கி.மீ. தள்ளி வைத்துக்கொண்டு மதிலைப் படமெடுத்துக்கொண்டிருப்பீர்களா?

சனி: பத்தாய்யா தெ ஃபுளோரெஸ், பூக்களின் போர். 1903இல் தொடங்கியது. இப்போது வியா 40 சாலையில், பிற்பகலில் போகும். ஞாயிறு: கிரான் பராதா, மரபு ஆட்டக் குழுக்கள் எல்லாம் அன்று. திங்கள்: புதுக் குழுக்கள். செவ்வாய்: கார்னிவலின் உருவமான ஹொசேலீத்தோ செத்துப்போவான், அவனுக்கு ஒப்பாரி, விதவைகளாக வருபவர்களில் பாதிப்பேர் மீசை வைத்தவர்கள்.

ஒரு நாள்தான் முடியும் என்றால் சனியைவிட ஞாயிறு. சனியில் அலங்கார வண்டியும் நடிகர்களும் அதிகம், ஆட்டம் அவற்றுக்கு இடையில் நசுங்கும். ஞாயிறு முழுக்கக் கும்பியா, கொங்கோ, கராபாத்தோ, சோன் தெ நெக்ரோ, மப்பாலே. வியா 40இல் கட்டண மேடைகள். காசு செலவில்லாமல் பார்க்க கரேரா 44 ஊர்வலம் இருக்கிறது, அங்கே ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் வேலி குறைவு.

வழிப்போக்கன் · ஜூன் 9, காலை 8.00

மாவு பூசுவார்களாமே?

மூணுகட்டை · ஜூன் 9, காலை 8.45

மைசேனா. எண்ணெய்ச்சட்டி திட்டிய அதே வெள்ளை ஸ்டார்ச். அரேபாவுக்கு ஆகாது, மூஞ்சிக்கு ஆகும். கன்னத்தில் தடவுவது வாழ்த்து, வீசுவது விளையாட்டு. கூடவே நுரைக் குப்பி. கைபேசியை ஜிப் உறையில் போடுங்கள், சார்ஜ் துளையில் போனால் எடுப்பது கஷ்டம். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், மலிவான கறுப்புக் கண்ணாடி போதும். வியர்வையோடு சேர்ந்தால் பசையாகும். தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் உலர்ந்த சீப்பால் வாரி உதறிவிடுங்கள், நேராக ஊற்றினால் மயிர்க்காலில் கட்டி கட்டியாக நிற்கும்.

மூணுகட்டை · ஜூன் 9, இரவு 10.20

மரிமோந்தா என்ற கார்னிவல் வேடம் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். யானைத் துதிக்கை போல நீண்ட மூக்கு, பெரிய தட்டுக் காதுகள், கண்ணையும் வாயையும் சுற்றித் துணி வளையம். கையில் வேறு துணி இல்லாதவன் பழைய கால்சட்டையையும் தலையணை உறையையும் வெட்டித் தைத்த முகமூடி அது. மேல்சட்டையை உள்வெளியாகப் போட்டு, மேலே ஒரு டை. டைதான் முழு நையாண்டியும். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பெரிய மனிதரைக் காட்டுகிறது. வாயில் "பேயா பேயா" என்று அருவருப்பாகக் கத்தும் ஊதல்.

கொங்கோ ஆட்டக்காரர் தலையில் பூக்கள் அடுக்கிய உயரத் தலைப்பாகை, பின்னால் நாடா வால். கூட வரும் காளை, புலி முகமூடிகள் பக்கத்து ஊரான கலாப்பாவில் மரத்தில் செதுக்குபவை. வாங்க நினைத்தால் கார்னிவலுக்கு முந்தைய வாரம் கலாப்பாவுக்கே போங்கள். எடை பார்த்து வாங்குங்கள். ஆடுவதற்குச் செய்தது உள்ளே நன்றாகக் குடைந்து இலேசாக இருக்கும், சுவரில் மாட்டச் செய்தது கனக்கும்.

ஆத்துமேடு · ஜூன் 10, காலை 7.30

பர்ராங்கியா போகிறவர் போகாஸ் தெ சேனிசாவையும் பார்க்கட்டும். பெயருக்குப் பொருள் சாம்பல் வாய்கள், தண்ணீரின் நிறத்தால் வந்தது. முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்துக்கொண்டே இருந்ததால் பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியவில்லை. அதனால் 1893இல் புவேர்த்தோ கொலம்பியாவில் கடலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட துறைப்பாலம் கட்டி, ரயிலில் சரக்கை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பின்பு ஆற்றின் வாயில் இரண்டு பக்கமும் கல்லணை நீட்டி ஓட்டத்தை ஒடுக்கினார்கள். ஒடுங்கிய ஆறு தன் மணலைத் தானே அரித்துத் தள்ளும், கணக்கு அதுதான். 1936இல் திறந்தது. அதோடு புவேர்த்தோ கொலம்பியாவின் பிழைப்பு முடிந்தது, பாலத்தின் ஒரு பகுதி 2009இல் அலையில் இடிந்தது.

கல்லணை முனையில் நின்றால் ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் பச்சை, நடுவில் கோடு. காற்று பலமாக இருக்கும் மாதங்களில் மீனவர்கள் அங்கே தூண்டிலைப் பட்டத்தில் கட்டிக் கடலுக்குள் பறக்கவிடுவார்கள்.

எண்ணெய்ச்சட்டி · ஜூன் 10, இரவு 7.00

பர்ராங்கியாவை ஒட்டி சொலேதாத். அங்க புத்திஃபார்ரா. மாடும் பன்றியும் கலந்து மிளகு போட்டு நெல்லிக்காய் சைஸ்ல கட்டின உருண்டைத் தொத்திறைச்சி, சரம் சரமா. விக்கிறவர் கத்தியால அலுமினியப் பாத்திரத்துல தட்டிக்கிட்டே வருவார், அந்தச் சத்தம்தான் விளம்பரம். எலுமிச்சை பிழிஞ்சு, மரவள்ளிக்கிழங்கு போய்யோவோட சாப்பிடணும். தனியா தின்னா உப்பு தூக்கலா இருக்கும். போய்யோன்னா நம்ம இலைக்கொழுக்கட்டை ஜாதி: மரவள்ளியைத் துருவி சோளத்தோல்ல சுத்தி அவிச்சது. இனிப்பு கிடையாது.

வழிப்போக்கன் · ஜூன் 14, மாலை 6.15

சரி, ஒப்புக்கொள்கிறேன். திட்டம்: மூன்று நாள் பர்ராங்கியா, பிறகு சாந்தா மார்த்தா, தைரோனா காடு, கடைசியில் கார்த்தஹேனா.

ஆத்துமேடு · ஜூன் 14, இரவு 9.10

தைரோனா அப்போது திறந்திருக்காது. மலையின் பழங்குடிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆண்டுக்கு மூன்று முறை காட்டுக்கு ஓய்வு தருகிறார்கள்: பிப்ரவரி முதல் பாதி, ஜூன் முதல் பாதி, அக்டோபர் கடைசி வாக்கில் இரண்டு வாரம். உங்கள் கார்னிவல் நேரடியாக அதற்குள் விழுகிறது. சாந்தா மார்த்தா ஊரை மட்டும் பார்க்கலாம். 1525இல் நிறுவியது, கார்த்தஹேனாவைவிட எட்டு வயது மூத்தது. பொலிவார் 1830 டிசம்பர் 17இல் இறந்த கரும்புப் பண்ணை அங்கேதான்.

அந்த நாட்களை மொம்போஸுக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, இதை மறக்காதீர்கள்: கொலம்பியாவிலிருந்து இந்தியா திரும்புபவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பதிலாகத் தனிமை வார்டு, ஆறு நாள் வரை.

ஆத்துமேடு · ஜூன் 16, காலை 7.00

மொம்போஸ். ஆறு கைவிட்ட ஊர். கார்த்தஹேனாவுக்கும் உள்நாட்டுக்கும் இடையே பொன்னும் துணியும் வரியும் இந்த வழியாகத்தான் போயின. 1810 ஆகஸ்ட் 6இல் ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை அறிவித்தார்கள், கார்த்தஹேனா அதைச் செய்ய 1811 நவம்பர் 11 வரை ஆனது. 19ஆம் நூற்றாண்டில் மக்தலேனா தன் முக்கிய ஓட்டத்தை மேற்கிலுள்ள லோபா கிளைக்கு மாற்றிக்கொண்டது. மொம்போஸ் கிளை மேடேறியது, நீராவிக் கப்பல்கள் லோபா கிளையிலுள்ள மகாங்கே ஊருக்குப் போயின. வியாபாரம் போனதால் இடித்துக் கட்டப் பணமில்லை. வீடுகள் அப்படியே நின்றன. 1995இல் யுனெஸ்கோ வந்தது. வறுமைதான் அங்கே தொல்லியல் துறை.

முன்பு மகாங்கேயில் படகு பிடிக்க வேண்டும், இப்போது பாலம் வந்துவிட்டது. கார்த்தஹேனாவிலிருந்து ஐந்தாறு மணி. பகல் பதினொன்று முதல் நாலு வரை தெருவில் நாய்கூட நடக்காது, அத்தனை புழுக்கம். ஐந்துக்கு வீட்டு வாசலில் ஆடும் நாற்காலிகள் வந்துவிடும், ஊரே வெளியே உட்காரும். சாந்தா பார்பரா கோயிலின் எண்கோணக் கோபுரத்துக்கு அந்த வெளிச்சம்தான் சரி. கொசு ஆறு மணிக்கு வேலைக்கு வரும், முழுக்கால்சட்டை போடுங்கள்.

ஆத்துமேடு · ஜூன் 16, இரவு 8.30

மொம்போஸின் வெள்ளிக் கம்பி வேலை பற்றித் தனிமடலில் கேட்டவருக்கு இங்கேயே எழுதுகிறேன். ஃபிலிகிரானா. வெள்ளிக் கோலை எஃகுத் தகட்டின் துளைகள் வழியாக, பெரியதிலிருந்து சின்னதாக, ஒவ்வொன்றாக இழுத்து மயிரிழை ஆக்குவார்கள். நம் தட்டார் கம்பி இழுப்பதும் இதே முறைதான். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, உருளையில் தட்டையாக்கினால் ஓரம் சின்னச் சின்ன மணி கோத்ததுபோல வரும். தடித்த கம்பியில் வெளிச்சட்டம், அதற்குள் இந்த இழையைச் சுருட்டிச் சுருட்டி அடைப்பார்கள், பசை கிடையாது, இறுக்கத்தில்தான் நிற்கும். பற்றுப்பொடியும் (பற்றவைக்கும் உலோகத் தூள்) வெண்காரமும் தூவி ஊதுகுழலால் ஒரே வீச்சு. சுடர் ஒரு நொடி அதிகம் நின்றால் சட்டம் சூடேறும் முன் உள்ளிழை உருகி உருண்டையாகிவிடும், அத்தனை வேலையும் வீண்.

வாங்கும்போது பின்பக்கம் திருப்புங்கள். பற்று திட்டுத் திட்டாக இழைகளை மூடியிருந்தால் அவசர வேலை. இழைகள் வரிவரியாகத் தெரிந்தால் நல்ல கை. நகத்தால் மெல்லத் தொட்டு அசைத்துப் பாருங்கள், எந்தச் சுருளும் ஆடக்கூடாது.

மூணுகட்டை · ஜூன் 19, இரவு 11.40

நீங்கள் வெள்ளி, நான் மெழுகு. சான் ஹசிந்தோ, ஒவேஹாஸ் பக்கத்து கைத்தா ஊதுகுழல். உடல் நெடிய கள்ளிச்செடியின் தண்டு, முள்ளும் தோலும் சீவி, நடுச் சோற்றைக் கம்பியால் குடைந்து எடுத்தது. முக்கால் மீட்டர் அளவு. தலைப்பகுதி தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்துப் பிசைந்த கறுப்பு உருண்டை. ஊதும் வாய், வாத்து இறகின் தண்டு. கரித்தூள் அழகுக்கு அல்ல, வெயிலில் மெழுகு இளகாமல் இருக்க. அப்படியும் வண்டியில் வெயிலில் வைத்துவிட்டால் தலை சரியும், இறகின் கோணம் ஒரு நூல் மாறினாலும் காற்று விளிம்பில் படாது, வெறும் ஊஸ் என்று வரும். சூடுகாட்டிய கத்தி முனையால் மெழுகைத் தொட்டு இறகை நிமிர்த்துவார்கள்.

எப்போதும் இரண்டு குழல். பெண் குழலில் ஐந்து துளை, அது பாட்டைச் சொல்லும். ஆண் குழலில் இரண்டே துளை. ஒரே கை போதும், மறுகையில் மராக்கா என்ற கிலுகிலுப்பையைக் குலுக்குவார். கூட மூன்று முழவு: பெரியது தம்போரா, பேசுவது அலேக்ரே, "யமாதோர்" என்ற குட்டி முழவு தாளத்துக்கு நடுவில், எதிரடியில் மட்டும் விழுந்துகொண்டிருக்கும். சும்மா தட்டுவதுபோலத் தெரியும், அது நின்றால் எல்லாரும் சரிவார்கள்.

கும்பியா ஆட்டத்தில் பெண் கையில் மெழுகுவர்த்திக் கட்டு, கால் தரையை விட்டு எழாமல் தேய்த்து நகரும். அடிமைச் சங்கிலியால் வந்த நடை என்று வழிகாட்டிகள் சொல்வது எனக்கு ஒட்டவில்லை. மணலில், கையில் சுடரோடு, அணையாமல் நகர வேண்டுமென்றால் வேறு எப்படி நடப்பது?

வழிப்போக்கன் · ஜூன் 20, காலை 9.00

வய்யெனாத்தோ என்ற இசையும் இதுதானா?

மூணுகட்டை · ஜூன் 20, பகல் 12.10

இல்லை. அது அக்கார்டியன், காஹா என்ற சின்ன முழவு, குவாச்சராக்கா என்ற சுரண்டுவாத்தியம். ஊர் வய்யேதுபார், கரையிலிருந்து உள்ளே தள்ளி. விழா 1968 முதல், ஏப்ரல் கடைசியில். போட்டிக்கு வருபவர் நாலு நடையும் வாசித்தாக வேண்டும்: சோன், பசேயோ, மெரெங்கே, புயா. இந்த மெரெங்கே தொமினிக்கன் மெரெங்கே இல்லை, ஆறெட்டில் ஓடும். சோனில் இடதுகை அடித்தொனி எடுப்பாகக் கேட்கும், புயாவில் விரல் தெறிக்கும்.

ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மூன்று வரிசை, 31 பொத்தான், ஆனால் ஒரே பொத்தானை அமுக்கித் துருத்தியை இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் வேறு சுரம். ஏழு கட்டைக்கு ஏழு சுரம் என்ற நினைப்போடு போனால் முதல் வாரமே மூச்சு முட்டும்.

ஆத்துமேடு · ஜூன் 23, காலை 6.50

கார்த்தஹேனாவை நான் அடித்தது கொஞ்சம் அதிகம். கெத்செமானி பேட்டையின் தெருக்களும் சான் ஃபெலிப்பே கோட்டைச் சுரங்கங்களும் பார்க்க வேண்டியவைதான். அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி சான் பசிலியோ தெ பலெங்கே. தப்பியோடிய அடிமைகள் கட்டிய ஊர். தலைவன் பெங்கோஸ் பியோஹோவை 1621இல் கார்த்தஹேனாவில் தூக்கிலிட்டார்கள். சதுக்கத்தில் சங்கிலி அறுந்த கையை நீட்டிக்கொண்டு சிலையாக நிற்கிறான். கிட் பம்பேலே என்று உலகம் அறிந்த குத்துச்சண்டை வீரரும் இந்த ஊர்க்காரர், 1972இல் உலகப் பட்டம்.

ஊர்மொழியின் சொற்கள் பெரும்பாலும் ஸ்பானியம், உடம்பு ஆப்பிரிக்கா, குறிப்பாகக் கிகோங்கோ மொழி. ஸ்பானியத்தில் "இல்லை" வினைக்கு முன்னால் வரும். பலெங்கேயில் வாக்கியத்தின் கடைசியில் வரும். பேசுபவர் முழுவதும் சொல்லி முடித்துவிட்டு மறுப்பார், ஸ்பானியர் குழம்புவார், "போகவில்லை" என்று சொல்லி வளர்ந்தவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

கார்த்தஹேனாத் தெருவில் தலையில் பழத்தட்டோடு, மஞ்சள் நீலம் சிவப்பு உடையில் நிற்கும் பெண்கள் இந்த ஊர்ப் பரம்பரை. படம் எடுக்கக் காசு உண்டு, எடுக்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். அதைவிட ஒரு அலெக்ரீயா வாங்குங்கள்: பொரித்த தினையும் தேங்காயும் வெல்லப்பாகில் பிடித்த உருண்டை. நமக்குப் புதிதாகத் தோன்றாது.

எண்ணெய்ச்சட்டி · ஜூன் 23, இரவு 7.45

தேங்காய்னதும் ஞாபகம் வந்துச்சு, அவங்க தேங்காய்ச் சோறு. நம்ம தேங்காய்ப்பால் சோறு மாதிரி வெள்ளையா இருக்காது, பழுப்பு. ஒரு பெரிய தேங்காய், முதல் பால் ஒண்ணரை கப் தனியா, ரெண்டாம் பால் நாலு கப் தனியா. முதல் பாலைக் கனமான சட்டியில மிதமான தீயில வத்த விடுங்க. 20 நிமிஷத்துல எண்ணெய் பிரியும், அடியில பழுப்புக் கசடு தங்கும். அதுக்கு திதோத்தேன்னு பேரு, சோத்தோட உயிரே அதுதான். நாட்டுவெல்ல நிறம் வந்ததும் ரெண்டு டேபிள்ஸ்பூன் வெல்லம், ரெண்டு கப் அரிசி, ஒரு கிளறு, ரெண்டாம் பால், ஒண்ணரை டீஸ்பூன் உப்பு. காபி நிறத்துக்குப் போயிட்டா கசக்கும், கொட்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க, வெல்லம் போட்டு மறைக்க முடியாது. பொரிச்ச மீன், பச்சை வாழைக்காய்த் தட்டை. வேற ஒண்ணும் வேணாம்.

வழிப்போக்கன் · ஜூலை 2, இரவு 8.20

மோத்தே தெ கேசோ என்று ஒரு சூப் படித்தேன். "யாம்" என்று போட்டிருந்தது, சேனைக்கிழங்கு போட்டுச் செய்தேன். கெட்டியாகவில்லை, நாக்கு அரித்தது.

எண்ணெய்ச்சட்டி · ஜூலை 3, காலை 6.05

அரிக்காம என்ன செய்யும். அது ஞாமே. (நம்ம ஞ-வுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.) சேனை வேற குடும்பம். ஞாமே வள்ளிக் குடும்பம். அவங்க "ஞாமே கிரியோய்யோ"ன்னு சொல்றது நம்ம பெருவள்ளி, யாழ்ப்பாணத்துல இராசவள்ளின்னு ஊதா நிறத்துல கிடைக்குதே, அதே இனம். வெள்ளைச் சதை உள்ளதா எடுங்க, ஊதாவுல செஞ்சா சுவை மாறாது, பாக்குறவங்க பயப்படுவாங்க.

ஆறு பேருக்கு: தோல் சீவினது 1 கிலோ, தண்ணி ரெண்டரை லிட்டர். பாதியைப் பொடியா நறுக்குங்க, அது கரைஞ்சு கெட்டியாக்கும். மீதி பெரிய துண்டு, கடிக்க. 40 நிமிஷம். வெங்காயம் ரெண்டு, பூண்டு நாலு பல் எண்ணெயில வதக்கி மேல கொட்டுங்க, நம்ம தாளிப்புதான், கடுகு மட்டும் இல்ல. பாலாடைக்கட்டி 400 கிராம் சதுரமா வெட்டி கடைசி அஞ்சு நிமிஷத்துல. அவங்க கொஸ்தேன்யோ கட்டி உப்பு, கெட்டி, உருகாது. இங்க பனீர்தான் கிட்ட வரும், ஆனா பனீர்ல உப்பே இல்ல: ஒரு லிட்டர் தண்ணியில 100 கிராம் உப்பு, ராத்திரி முழுக்க ஊறட்டும். மொசரெல்லா போட்டா நூல்நூலா கரண்டியில சுத்தும். உப்பைக் கட்டி போட்டப்புறம் ருசி பார்த்துதான் போடணும். இறக்கி எலுமிச்சை, மேல ஒரு கரண்டி சூவேரோ, அதாவது புளிச்ச பாலோட மோர்த்தண்ணியை வடிச்சு எடுத்துட்டு, மீதிக் கெட்டியில உப்புப் போட்டது. துணியில தொங்கவிட்ட தயிர் ஓரளவு சரியா வரும்.

மூணுகட்டை · ஜூலை 3, காலை 10.30

தக்காளி?

எண்ணெய்ச்சட்டி · ஜூலை 3, காலை 10.34

இந்த சூப்போட சொந்த ஊரான சுக்ரே பக்கம் போய் அதைக் கேளுங்க, திரும்பி வந்தா பேசலாம்.

வழிப்போக்கன் · ஜூலை 19, மாலை 4.40

பயணச்சீட்டு போட்டாயிற்று. 6 முதல் 8 வரை பர்ராங்கியா, 9இல் கோர்தியாலிதாத் வழியாக லுருவாகோ, கார்த்தஹேனாவில் இரவு, 10, 11 மொம்போஸ். ஹொசேலீத்தோவின் சாவு தவறிவிடும், பரவாயில்லை. அரேபா நாலு போட்டேன். ஒன்று மட்டும் உப்பியது. மூன்றும் அப்பளம்போலக் கிடந்தன. மாவு மசாரேபாதான், எண்ணெய் வெப்பமானியில் 180.

எண்ணெய்ச்சட்டி · ஜூலை 19, இரவு 9.15

முதல்ல போட்டதுதானே உப்புச்சு? அப்ப மாவு சரி, எண்ணெயும் தொடக்கத்துல சரி. அடுத்தது போடுறதுக்குள்ள எண்ணெய் ஆறியிருக்கு. ஒவ்வொண்ணும் 80 கிராம் ஈரமாவு, சின்னச் சட்டியில வெப்பம் சட்டுன்னு 150க்கு இறங்கும். ஒண்ணு எடுத்ததும் மறுபடி 180 வர்ற வரைக்கும் காத்திருங்க. தட்டி வெச்ச வட்டத்தையெல்லாம் ஈரத்துணியால மூடுங்க, காய்ஞ்ச ஓரம் கண்ணுக்குத் தெரியாம வெடிச்சிருக்கும். உப்பாத மூணையும் தூக்கிப் போட வேணாம், நடுவுல பிளந்து சூவேரோ தடவிச் சாப்பிடுங்க.